ரெண்டே ரெண்டு கிளை

உலகம்மை மடைக்குப் பக்கத்தில் ஸ்கூட்டியை நிறுத்தும்போது பேனரை ஒரு பக்கம்தான் கட்டியிருந்தார்கள், மறுபக்கம் மடங்கித் தொங்கியதால் எழுத்து மட்டும் தெரிந்தது, நெடுவாய்க்குளம் பறவை நடை, இருநூறாவது நடை, அனைவரும் வருக, பரவாயில்லையே பிழையில்லாமல் அடித்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டே ஹெல்மெட்டைக் கழற்றினாள், பைனாகுலரைக் கழுத்தில் மாட்டினாள், பட்டியல் அட்டையையும் பேனாவையும் பையிலிருந்து எடுத்தாள், இந்த மூன்றையும் இதே வரிசையில்தான் பத்தொன்பது வருஷமாகச் செய்கிறாள், வரிசை மாறினால் அன்றைக்கு ஒரு பறவையும் கண்ணில் படாது என்று அவளுக்கு ஒரு எண்ணம், வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அதற்குள் யாரோ மறுபக்கக் கயிற்றை இழுக்க பேனர் விரிந்தது, விரிந்த பேனரிலிருந்து ஒரு குஞ்சு அவளைப் பார்த்தது. கொம்பன் ஆந்தைக் குஞ்சு. பஞ்சு உடம்பு, ஆரஞ்சுக் கண், காலடியில் பாறை, பாறையில் குறுக்கே ஓடும் வெள்ளைக் கல் வரி, வரிக்குக் கீழே அந்தக் காலத்தில் வெடி வைக்கத் துளைத்த துளையில் பாதி. அந்தப் பாதித் துளையை அவளுக்குத் தெரியும். கைவிட்டுப் போன கல்குவாரியின் கிழக்குச் சுவர், தரையிலிருந்து இரண்டு ஆள் உயரம், நாலு வருஷமாகத் தையிலும் மாசியிலும் எதிர் விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு அவள் பார்த்த இடம். ஆனால் இந்தக் குஞ்சை இப்படி அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. யாரும் பார்த்திருக்க முடியாது. முன்னால் ஒரு காரைப்புதர் நின்றது, முள்ளும் இலையுமாக அடைத்துக்கொண்டு, அதன் சந்தில் ஒரு கொம்பு தெரிந்தாலே பெரிய விஷயம், இரண்டு கொம்பும் தெரிந்த அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தாள். படத்தில் கால் நகம் வரைக்கும் தெரிகிறது. மேலே ஏறி நின்று எடுத்திருக்கலாம். இல்லை, குஞ்சு நேராகப் பார்க்கிறது. பெரிய லென்ஸ் வைத்தால் புதருக்குள் புகுந்து எடுக்கலாமோ என்னவோ. எடுக்கலாம் என்றால் ஒரு இலையாவது விழாதா படத்தில், ஒரு முள்ளாவது, பாறை மேல் ஒரு நிழலாவது. வெயில் விழ வழியில்லாத இடத்தில் வெயில் விழுந்திருக்கிறது. புதர் எங்கே.

"எப்படி யக்கா இருக்கு?" என்றான் கோயில்பிச்சை, பின்னால் வந்து நின்று. டவுன் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். முதல் நடையில் இருந்தது இரண்டே பேர், உலகம்மையும் அவனும். இன்றைக்கு அறுபது பேர் வந்திருக்கிறார்கள்.

"இது எப்பம் எடுத்தது தம்பி?"

"மாசில. நீங்க ஆஸ்பத்திரில கிடந்தியள்லா, அப்பம். சென்னையிலருந்து சிநேகிதர் ஒருத்தர் வந்தாரு, பெரிய லென்சு. இருநூறாவது நடைக்கு உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு இத்தனை மாசமா நம்ம குழுவுல யாருக்கும் காட்டாம வச்சிருந்தேன்."

"காரைப்புதரைக் காணுமே."

அவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தான். நடைக்கு எப்போதும் பேன்ட்தான் போட்டு வருவான், இன்றைக்கு விழா என்று வேட்டி. "அதுவா. மறைச்சிக்கிட்டு நின்னுதுக்கா. ரெண்டே ரெண்டு கிளை. ஒதுக்கிவிட்டோம், அவ்வளவுதான்," என்றான். அதற்குள் மைக் செட்காரன் கூப்பிட்டான், போய்விட்டான்.

ரெண்டே ரெண்டு கிளை. கரையில் ஏறும்போது அடிவயிற்றுத் தழும்பு இழுத்தது, பத்து மாதமாகியும் ஏற்றம் என்றால் இழுக்கிறது, ஊசியால் தைத்த இடத்தைத் தவிர வேறெதுவும் உடம்பில் இல்லாத மாதிரி. முன்னால் அறுபது பேர் போகிறார்கள், அதில் பாதிப் பேருக்குக் குளத்தைப் பார்ப்பதைவிடப் போனைப் பார்ப்பதுதான் வேலை, ஒரு பெண் அவளிடம் திரும்பி, "ஆன்ட்டி, அந்த ஆந்தை இங்க இருக்கா, பாக்க முடியுமா?" என்று கேட்கிறாள், புதுசு, முதல் தடவை வருகிறாள் போல, சிரித்துக்கொண்டு கேட்கிறாள், அவளுக்கு என்ன தெரியும், உலகம்மை, "அந்தா பாருங்க பாம்புத்தாரா, கழுத்து மட்டும் தெரியுதா," என்று கையைக் காட்டினாள். பாம்புத்தாரா இரண்டு. எழுதினாள். நீர்க்காகம், முப்பத்தைந்து, கருவேல மரத்தில் காயப் போட்ட சட்டைகளாக இறக்கையை விரித்துக்கொண்டு. எழுதினாள். கை தன்பாட்டுக்கு எழுதுகிறது, மனசு கல்குவாரியில் நிற்கிறது. ரெண்டே ரெண்டு கிளை என்கிறான். அவள் எண்ணியிருக்கிறாள். பதினாலு வெட்டு. ஆப்பரேஷன் முடிந்து இருபத்தி மூன்றாம் நாள், டாக்டர் மாடிப்படியே ஏறக்கூடாது என்று சொல்லியிருக்க, வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்ள, ஆட்டோ பிடித்து அங்கே போனாள், கூட கோயில்பிச்சை வந்தான், கையைப் பிடித்துத்தான் கூட்டிப் போனான், பள்ளத்தில் மெல்ல யக்கா, மெல்ல யக்கா என்று சொல்லிக்கொண்டே. புதர் இருந்த இடத்தில் பதினாலு குச்சி நின்றது, ஒவ்வொன்றும் சாய்வாக ஒரே வீச்சில் வெட்டினது, வெட்டுவாய் கறுத்திருந்தது. கூடு இருந்த பாறைத் தாங்கலில் குஞ்சு ஒன்றைக் காணவே இல்லை, இன்னொன்று கீழே கிடந்தது, எறும்பு மொய்த்திருந்தது, பகலெல்லாம் நேர் வெயில், காக்காய்க்கும் பருந்துக்கும் திறந்துவிட்ட கதவு. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுதால் தையல் பிரியும் என்று தெரிந்தே அழுதாள். அப்போது அவன் என்ன செய்தான். அதைத்தான் இப்போது நினைத்துப் பார்க்க வேண்டும், வேறெதையும் விட அதைத்தான், அவன் அப்போது முகத்தை எங்கே வைத்திருந்தான். அவள் பார்க்கவில்லை. எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோளில் அவன் கை இருந்தது, அது நினைவிருக்கிறது, "ஆட்டுக்காரன் வேலையாத்தான் இருக்கும் யக்கா, தழைக்கு வெட்டிருப்பான்," என்று சொன்ன குரல் நினைவிருக்கிறது. காரை முள்ளை எந்த ஆட்டுக்காரன் தழைக்கு வெட்டுவான். நின்ற செடியை ஆடே கடித்துக்கொள்ளும். இது கூடவா தோன்றவில்லை உனக்கு, பத்தொன்பது வருஷம் காடு காடாகச் சுற்றியவளுக்கு. தோன்றவில்லை. சொன்னவன் அவன் என்பதால் தோன்றவில்லை.

கரை வளைகிற இடத்தில் கூட்டம் நின்றது, தாமரை இலையில் நடக்கிற இலைக்கோழியைக் காட்டிக்கொண்டிருந்தான் கோயில்பிச்சை. நன்றாகத்தான் காட்டுகிறான். அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும், ஒரு பறவையை இன்னொருத்தர் கண்ணுக்குள் கொண்டுபோய் வைப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை, "அந்தா அந்த மூணாவது இலை, மூணாவது இலையில ஒரு தவிட்டு நிறப் புள்ளி, புள்ளி நகருது பாருங்க," என்பான், பார்க்காதவனும் பார்த்துவிடுவான். அதனால்தான் பேச்சு அவனுக்கு, பட்டியல் அவளுக்கு என்று முதல் வருஷமே பிரித்துக்கொண்டார்கள். அவள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர், மாத்திரையை எண்ணிக் கொடுப்பவள், கூட ஒன்று குறைய ஒன்று அவளிடம் கிடையாது. பட்டியலுக்கு அவள் வைத்த சட்டம் இரண்டுதான். பார்த்ததை எழுத வேண்டும், பார்க்காததை எழுதக் கூடாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் அவன் ஒரு செந்நாரையைப் பார்த்தேன் என்று வந்து நின்றான், தனியாகப் பார்த்தது, அரை நிமிஷம், எதிர் வெயில். இந்தக் குளத்துப் பக்கமே அது வந்ததில்லை, எழுதினால் பட்டியலில் ஒரு பெயர் கூடும், அவன் பெயரும் கூடவே நிற்கும். அவள் எழுதவில்லை. "எதிர் வெயில்ல எல்லாமே சிவப்பாத்தான் தெரியும் தம்பி," என்றாள். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது, ஆனாலும் அன்றைக்கே எல்லோரிடமும், "எங்க யக்கா எழுதினாத்தான் அது பறவை, இல்லைன்னா அது வெறும் காத்து," என்று சொல்லிச் சிரித்தான். அப்படிப்பட்டவன். அவனிடம்தானே சொன்னாள். வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லவில்லை, அவருக்குச் சொன்னால் டீக்கடைக்குத் தெரியும் என்பது வேறு விஷயம். ஆப்பரேஷனுக்கு முந்தின நாள், தாங்கலில் முட்டை பொரிந்த சமயம், யாராவது வாரத்துக்கு ஒருதரம் தூரத்திலிருந்து பார்க்க வேண்டுமே என்று, மாத்திரை போட்டுக் கொடுக்கிற காக்கிக் கவரின் பின்பக்கம் வழி வரைந்தாள், உடைந்த கிரஷர், புளிய மரம், பாதித் துளை, "போன்ல அனுப்பாதீங்க தம்பி, எங்கயும் எழுதாதீங்க, எதிர் விளிம்பைத் தாண்டி உள்ள போகாதீங்க," என்றாள். "என்ன யக்கா நீங்க," என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மயக்க ஊசி போடும்போது பயமாக இருந்தது, அப்போது ஒரு நிமிஷம் குஞ்சுகளை நினைத்துக்கொண்டாள், பிச்சை தம்பி பார்த்துக்கொள்வான் என்று நினைத்துக்கொண்டாள், அப்படியே கண் சொருகிவிட்டது. அந்த நினைப்போடு தூங்கினேனே என்பதுதான் இப்போது எல்லாவற்றையும் விட வெட்கமாக இருக்கிறது.

இலைக்கோழி நாலு. அரிவாள் மூக்கன் பதினொன்று. கரைக்கு வெளிப்புறச் சரிவில் ஆடுகள் மேய்ந்தன, சுடலை நின்றான், தோளில் தொரட்டி, தலையில் துண்டு. இவளைக் கண்டதும் திரும்பி நின்றுகொண்டான். சித்திரையிலிருந்து இதுதான் வழக்கம், இவள் கரையில் வந்தால் அவன் முதுகு. முன்னெல்லாம், "யம்மா, நேத்து ஒரு பெரிய நாரை வந்துச்சி, ஒத்தையா நின்னுச்சி," என்று அவனே ஓடி வந்து சொல்வான், நாரைக் கூட்டம் இறங்கினால் இவளுக்கு முதல் போன் அவனுடையதுதான். அவன் மேல்தான் புகார் கொடுத்தாள். எழுதியது கோயில்பிச்சை, அவனுக்குத்தான் கையெழுத்து முத்து முத்தாக வரும், பாதுகாக்கப்பட்ட பறவையின் வாழிடத்தைச் சேதப்படுத்திய நபர் என்று அழகாக எழுதியிருந்தான், கீழே குழுவின் செயலாளர் என்று கையெழுத்துப் போட்டவள் இவள். சுடலையை வனத்துறை ஆபீஸ் வாசலில் இரண்டு நாள் உட்கார வைத்தார்கள். ஆடுகள் பட்டினி கிடந்தன என்று பிறகு கேள்விப்பட்டாள், கேள்விப்பட்டபோதும் மனசு இளகவில்லை, எறும்பு மொய்த்ததைப் பார்த்தவளுக்கு எப்படி இளகும் என்று தனக்குத்தானே நியாயம் பேசினாள். வழியில் அவன் ஒருதரம் மறித்து, "யம்மா, நான் வெட்டலம்மா, எம் புள்ளைங்க மேல ஆணை," என்றான். "பொய் சொல்லாத சுடலை," என்று சொல்லிவிட்டு வந்தாள். பொய் சொல்லாதே என்று அவனிடம் சொன்னாள். நாக்கு அழுக வேண்டாமா. அன்றைக்கும் ஸ்கூட்டி பின்னால் உட்கார்ந்திருந்தது கோயில்பிச்சைதான், வண்டி பழுது என்று ஏறி வந்திருந்தான், அவன் வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை. யக்கா விடுங்க, பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடப் போதும். வேண்டாம், உண்மையைச் சொல்ல வேண்டாம், பாவம் என்றாவது சொல்லியிருக்கலாம். பின்னால் உட்கார்ந்து பேசாமல் வந்தான், இறங்கும்போது தேங்க்ஸ் யக்கா என்றான்.

மடைக்குத் திரும்பினார்கள், ஜமுக்காளம் விரித்திருந்தது, பேனருக்கு முன்னால் நின்று கோயில்பிச்சை பேச ஆரம்பித்தான். குளம் என்பது தண்ணீர் மட்டும் இல்லை என்று ஆரம்பித்தான், எப்போதும் அப்படித்தான் ஆரம்பிப்பான், வலசை, கூடு, குஞ்சு என்று படிப்படியாக இறங்கி வருவான். கலெக்டர் ஆபீஸில் இந்தப் படத்தைக் காட்டினானாம், அதைப் பார்த்த பிறகுதான் கல்குவாரியைத் திரும்ப ஏலம் விடுகிற பேச்சை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம், கைதட்டினார்கள். உலகம்மைக்கும் கை தானாக உயர்ந்தது, பாதியில் நிறுத்தினாள். ஓகோ. இதுதானா கணக்கு. குவாரி நின்றுவிட்டதே யக்கா, ஆயிரம் பறவை பிழைக்குமே யக்கா, இரண்டு குஞ்சுதானே என்று கேட்டால் என்ன பதில் சொல்வாய். உண்மையிலேயே நின்றிருந்தால் நல்லதுதானே. நல்லதுதான். அந்த நல்லதை என்னிடம் சொல்லிவிட்டுச் செய்திருக்கக் கூடாதா, சரி, செய்துவிட்டாவது சொல்லியிருக்கக் கூடாதா, சுடலையின் தலையில் கட்டாமலாவது இருந்திருக்கக் கூடாதா, என்னைக்கொண்டு கட்டாமலாவது. எழுந்து கேட்டுவிடலாமா. மைக்கைப் பிடித்து, பதினாலு வெட்டு என்று சொல்லலாமா. அறுபது பேரில் பாதிப் பேர் அடுத்த மாதம் வரமாட்டார்கள், இந்த அம்மாவுக்குப் பொறாமை என்று ஒருத்தராவது சொல்வார், இன்னொருத்தர், அந்த இடம் எங்கே இருக்கிறது சார் என்று தனியாகப் போய் விசாரிப்பார், அதுதான் நடக்கும், ஒன்று கேட்டால் இடம் வெளியே வரும். "கூடு எங்க இருக்குன்னு தெரிஞ்சா யாருகிட்டயும் சொல்லாதீங்க," என்று பேசிக்கொண்டிருந்தான் கோயில்பிச்சை. "கூட்டைத் தேடிப் போறது அன்பு இல்லை. கூட்டை விட்டு விலகி நிக்கிறதுதான் அன்பு." அது அவளுடைய வாக்கியம். மூன்றாவது நடையிலோ நாலாவது நடையிலோ அவனுக்கு அவள் சொன்னது, அப்போது அவன் மைனாக் கூட்டுக்குள் கையை விட்டுப் பார்க்கப் போனான். சொல்லுக்குச் சொல் அதேதான், ஒரு எழுத்துக் குறையவில்லை. அவன் தலைக்குப் பின்னால் குஞ்சு கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது, அந்தக் கண்ணில் இருந்தது பயம் என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. உலகம்மை மெல்ல எழுந்தாள். இயற்கை அழைக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள், நினைத்துக்கொள்ளட்டும்.

கரையிறங்கி ஓடைப்பக்கம் போனாள். எங்கே போகிறோம் என்று யோசிக்கவில்லை, மைக் சத்தம் கேட்காத தூரம் வேண்டும், அவ்வளவுதான். மார்கழி வெயில் இன்னும் ஏறவில்லை, காலில் பனி ஈரம், ஓடையில் தண்ணீர் இல்லை, மண் சரிவுகள் மட்டும் இரண்டு பக்கமும் இடுப்புயரத்திலிருந்து பனை உயரம் வரை எழுந்து நிற்கின்றன. அவனிடம் என்ன சொல்லப்போகிறோம். ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட முடியுமா. முடியும், அதுதான் பயமாக இருக்கிறது, அடுத்த மாதமும் பைனாகுலரை மாட்டிக்கொண்டு வருவாய், அவன் பேசுவான், நீ எழுதுவாய், வயசான காலத்தில் வேறு யாரைத் தேடிக்கொள்வது, பாம்புத்தாராவின் கழுத்தைப் பார்த்து உன்னைப்போலவே மூச்சைப் பிடித்துக்கொள்கிற இன்னொரு ஆளை எந்த ஊரில் போய்ப் பிடிப்பது. பழக்கத்தில் பைனாகுலரைத் தூக்கினாள், எதிர்ச் சரிவில் ஓட்டினாள், வேர், பொந்து, பஞ்சுருட்டான் குடைந்த துளைகள், இண்டமுள் புதர், புதரின் நிழலில் காய்ந்த மண்ணின் நிறத்தில் ஒரு மண். மண்ணுக்கு இரண்டு கொம்பு. மூச்சை விடாமல் நின்றாள். ஒரு கண் பாதி திறந்தது, ஆரஞ்சு, பார்த்தது, திரும்ப மூடிக்கொண்டது. அதற்குக் கீழே ஒரு சாண் தள்ளி இன்னொன்று, சின்னது, ஆணாக இருக்கும். ஜோடி. விட்டுவிட்டுப் போய்விடவில்லை, இங்கேதான் வந்திருக்கிறது, குளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், குளத்து நடைக்கு வந்தவள் கண்ணெதிரில். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. முதலில் தோன்றியது என்ன தெரியுமா, பிச்சை தம்பியிடம் சொல்ல வேண்டும் என்று. அதுதான் முதலில் தோன்றியது, பத்தொன்பது வருஷப் பழக்கம், நாக்கு நுனி வரை வந்து நின்றது, பிறகுதான் நெஞ்சில் வந்து இடித்தது.

"பாத்துட்டியளா," என்று கேட்டது பின்னால். சுடலை நின்றான். ஆடுகள் அவனுக்குப் பின்னால், ஓடைக்குள் ஒன்றுகூட இல்லை. ஓடை வாயில் கருவேல முள்ளை இழுத்துப்போட்டு அடைத்திருந்ததை அவள் இப்போதுதான் கவனித்தாள், வரும்போது சுற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

"எப்பலருந்து இருக்கு சுடலை?"

"ஐப்பசி மழைக்கு வந்துச்சி. நான் இந்தப் பக்கம் ஆட்டு உருப்படிய விடுததில்ல." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அட்டையைப் பார்த்தான். "எழுதப் போறியளா?"

அவனிடம், சுடலை, தப்பு பண்ணிட்டேன் என்று சொல்ல வேண்டும், வெட்டினது யாரென்று இன்றைக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்ல வேண்டும், வாய் வரவில்லை, மன்னிப்புக் கேட்பதற்கு எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, புகார் என்றால் மட்டும் எவ்வளவு சரளமாக வந்தது.

"எழுதிக்கிடுங்க," என்றான் சுடலை. "பொறவு எவன் வந்து வெட்டுனாலும் எம்பேரைச் சொல்லிக்கிடலாம்லா."

"நீ வெட்டலன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும் சுடலை."

"எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றான். தொரட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு ஆடுகளைப் பார்த்து நாக்கைச் சொடுக்கினான், போய்விட்டான். அதற்கு மேல் அவனிடம் எதிர்பார்க்க அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது.

மடைக்கு வந்தபோது இட்லி தின்று முடித்திருந்தார்கள், அவளுக்கு ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்திருந்தான் கோயில்பிச்சை, கெட்டிச் சட்னி தனியாக, சாம்பார் அவளுக்கு ஆகாது என்று அவனுக்குத் தெரியும், ஆப்பரேஷனுக்குப் பிறகு காரம் சேர்ப்பதில்லை என்றும் தெரியும். எல்லாம் தெரிந்தவன். அதை வாங்கிப் பைக்குள் வைத்தாள். கடைசியில் பட்டியல் வாசிப்பு, எல்லோரும் வட்டமாக நிற்க, அவன் ஒவ்வொரு பறவைப் பெயராகச் சொல்ல, பார்த்தவர்கள் கையைத் தூக்கி எண்ணிக்கை சொல்ல, அவள் சரிபார்த்து உரக்கச் சொல்லி எழுதுவாள், அவள் சொன்ன பிறகு மறுபேச்சு இல்லை. முக்குளிப்பான், பதினெட்டு. நாமக்கோழி, நாற்பது. தாழைக்கோழி, ஆறு. கூழைக்கடா, இல்லை. புள்ளிமூக்கு வாத்து, இருபத்திரண்டு. ஒவ்வொரு பெயருக்கும் குரல் கேட்கிறது, கை எழுதுகிறது, அட்டையில் பெயர்கள் வரிசையாக அச்சாகி இருக்கின்றன, கடைசிக்கு முந்தின வரியில் அது இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பத்தொன்பது வருஷத்தில் இந்த அட்டையில் ஒரு பொய் ஏறியதில்லை. செந்நாரையை மறுத்தவள். பார்த்ததை எழுத வேண்டும். எழுதினால் இரண்டு, இன்றைய தேதி, நெடுவாய்க்குளம், இந்தப் பட்டியல் மத்தியானத்துக்குள் குழுவில் ஏறும், சாயங்காலத்துக்குள் சென்னைக்குப் போகும், தைக்குள் பெரிய லென்ஸ் வரும், இண்டமுள்ளில் ரெண்டே ரெண்டு கிளை. எழுதாவிட்டால். எழுதாவிட்டால் நானும் இவனும் ஒன்று. அது எப்படி ஒன்றாகும், இவன் வெட்டினான், நான் மறைக்கிறேன். இவனும் மறைத்தான். மீன்கொத்தி, நாலு. வெண்மார்பு மீன்கொத்தி, மூன்று. பனங்காடை, ஒன்று. புள்ளி ஆந்தை, இரண்டு. எனக்கென்று இருந்தது இந்த அட்டை ஒன்றுதான் தம்பி, அதையும் நீ விட்டு வைக்கவில்லை.

"கொம்பன் ஆந்தை," என்றான் கோயில்பிச்சை. குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் நிறுத்தி, பேனரைத் திரும்பிப் பார்த்து. அறுபது பேரும் பேனரைப் பார்த்தார்கள். "இருநூறாவது நடை. நம்ம ஆளு இன்னைக்காவது தரிசனம் குடுத்தாரா? யாராவது பாத்தியளா?"

ஒருவரும் கை தூக்கவில்லை. காலையில் கேட்ட அந்தப் பெண் மட்டும் உலகம்மையைப் பார்த்தாள். "ஆன்ட்டி ஓடைப்பக்கம் போனாங்களே, அங்க ஏதும் இருந்துச்சா ஆன்ட்டி?"

கோயில்பிச்சையும் அவளைப் பார்த்தான். கண்ணாடிக்குள் அந்தக் கண்கள் ஆசையாகத்தான் பார்த்தன, அவனுக்கும் அந்தப் பறவை என்றால் உயிர், அதில் சந்தேகமில்லை, அதுதான் கொடுமை.

"இல்லை," என்றாள் உலகம்மை. இவ்வளவு சுலபமாக வருமென்று அவள் நினைக்கவில்லை. "ஓடை காஞ்சு கிடக்கு. ஒண்ணும் இல்லை."

"யக்கா இல்லைன்னா இல்லைதான்," என்றான் கோயில்பிச்சை கூட்டத்தைப் பார்த்து. "எங்க யக்கா வாயிலருந்து பொய் வராது. சரி, அடுத்தது, கரிச்சான்." அவன் நம்பிவிட்டான். கொஞ்சம்கூட யோசிக்காமல், முகத்தைக்கூடப் பார்க்காமல் நம்பிவிட்டான், மாசி மாதம் அவள் நம்பினது மாதிரியே. அவள் கொம்பன் ஆந்தைக்கு நேரே ஒரு கோடு போட்டாள். கரிச்சான் பன்னிரண்டு என்று எழுதினாள். பட்டியலின் கீழே இரண்டு கையெழுத்து வேண்டும், எழுதியவர், உடன் பார்த்தவர், அது முதல் நடையிலிருந்து வழக்கம். அவள் போட்டுவிட்டு அட்டையை நீட்டினாள். கோயில்பிச்சை வாங்கி, படித்துப் பார்க்காமல், முத்து முத்தான எழுத்தில் தன் பெயரைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தான்.